கென்ரோக்குயென் ஒருமுறை போதும் என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஜப்பானின் நோமி ஊரிலிருந்து கனசாவா நகருக்கு வந்து, 320 யென் கொடுத்து, கென்ரோக்குயென் தோட்டத்தை அரைமணி நேரத்தில் சுற்றிவிட்டதாக எழுதியிருந்தாய். "அழகுதான், ஒருமுறை பார்த்தால் போதும்" என்ற உன் வரிக்குத்தான் இந்தப் பதில். இந்தப் பகுதியை ஆண்ட மயேதா பிரபுக்கள் உருவாக்கிய அந்தத் தோட்டம் 1874-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அன்றிலிருந்து அது ஊரார் புழங்கும் இடம். இஷிகாவா மாகாணத்தில் குடியிருக்கும் நீயும் இப்போது அந்த ஊரார்தான்.

முதலில் காசு விஷயம். சனி, ஞாயிறுகளில் மாகாணவாசிகளுக்குக் கட்டணம் கிடையாது. முகவரி போட்ட குடியிருப்பு அட்டையைக் கையோடு வைத்துக்கொள். விடிகாலையில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நுழையலாம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 4 மணிக்கும், நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6 மணிக்கும் திறந்துவிடுவார்கள். வழக்கமாகத் திறக்கும் நேரத்துக்குக் கால்மணி முன்பே வெளியேறிவிட வேண்டும். குளிர்காலத்தில் அது 7.45.

எப்போது போவது என்று கேட்டால், செர்ரி பூக்கும் நாட்களைவிட நவம்பர் 1-ஐத்தான் சொல்வேன். அன்றுதான் 'யுகிட்சுரி' தொடங்கும். மரக்கிளைகளைக் கயிற்றில் தாங்கிப் பிடிக்கும் வேலை அது. ஜப்பான் கடலோரத்தில் கொட்டும் வெண்பனி ஈரம் கோத்தது. உதிராமல் ஊசியிலைகளில் ஒட்டிக்கொண்டு மேலே மேலே ஏறும். பைன் மரத்தின் கிளைகளையோ தோட்டக்காரர்கள் பல ஆண்டுகள் நறுக்கிப் பழக்கி, தண்ணீருக்கு மேல் கிடைமட்டமாக நீள விட்டிருக்கிறார்கள். நீண்ட கிளையின் நுனியில் பாரம் ஏறினால் அடியில்தான் முறியும். மனிதர் நீட்டிய கிளையைப் பனிக்காலத்தில் மனிதர்தான் தாங்க வேண்டும்.

முதலில் கட்டப்படுவது கசுமிகாயிகே குளக்கரையில் நிற்கும் கராசாக்கிப் பைன். மயேதா வம்சத்தின் 13-ஆம் பிரபு நரியாசு, பீவா ஏரிக்கரையில் உள்ள கராசாக்கியிலிருந்து விதை தருவித்து வளர்த்த மரம். தண்டை ஒட்டி, மரத்தைவிட உயரமாகக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் வைக்கோல் கயிறுகளைக் கட்டாகப் பிணைக்கிறார்கள். மேலே இருப்பவர் குரல் கொடுத்துவிட்டு ஒவ்வொரு கயிறாக வீசுவார். கீழே இருப்பவர் பிடித்து அதற்குரிய கிளையில் கட்டுவார். முடிந்ததும் குடைக்கம்பிகள் விரிந்ததுபோல இருக்கும். இந்த ஒரு மரத்துக்கே 5 கம்பங்கள், சுமார் 800 கயிறுகள். மரம் அவ்வளவு அகலம். ஒரே கம்பத்திலிருந்து கட்டினால், தூரத்துக் கிளைக்குப் போகும் கயிறு படுத்துவிடும். படுத்த கயிறு கிளையை மேலே தூக்காது, பக்கவாட்டில்தான் இழுக்கும்.

நீ கவனிக்க வேண்டியது இழுவையை. கயிறு தொய்ந்திருந்தால் அது விறைப்பதற்குள் கிளை வளைந்து முறியும். மிக விறைப்பாகக் கட்டினால் கிளை மேலே எழும்பி மரத்தின் வடிவமே கெடும். ஒரு பக்கம் மட்டும் இழுவை கூடினால் கம்பம் சாயும். கிளையைக் கையால் லேசாகத் தூக்கிப் பார்த்துத்தான் இதைச் சரிசெய்ய முடியும். இதற்கு எந்த அளவுகோலும் உதவாது என்பதே என் எண்ணம். வைக்கோல் கயிறு சொரசொரப்பானது, அதனால் வழுக்காது, பட்டையையும் அறுக்காது. ஒரு குளிர்காலத்திலேயே நைந்துவிடுவதால் ஆண்டுதோறும் புதுக்கயிறுதான்.

நின்று பார்க்கும்போது பாசியில் மட்டும் கால் வைத்துவிடாதே. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. ஒரு மிதியில் பாளமாகப் பெயர்ந்துவிடும், மீண்டும் படர வெகுகாலம் ஆகும். கூட்டம் நெருக்கினாலும் சரளைப் பாதையிலேயே நில். குளத்தின் எதிர்க்கரையிலிருந்தும் வேலை நன்றாகத் தெரியும்.

மற்ற மரங்களையும் கட்டி முடிக்க டிசம்பர் நடுப்பகுதி ஆகிவிடும். அதற்குள் ஒருநாள் போய்ப் புதர்ச்செடிகளைப் பார். அவற்றுக்கு இந்த உயரக் கம்பம் கிடையாது. கிளைகளைச் சேர்த்துச் சுருக்கிக் கட்டிவிடுவார்கள். புத்தாண்டுக்கு, தோட்டத்தை ஒட்டியே இருக்கும் கனசாவா ஷின்டோ கோயிலுக்கு ஊரே திரளும். டிசம்பர் 31 முதல் ஜனவரி 3 வரை தோட்டமும் எல்லோருக்கும் இலவசம். மார்ச் நடுவில் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்குவார்கள். முதலில் கட்டிய கராசாக்கிப் பைனைக் கடைசியில்தான் அவிழ்ப்பார்கள். அந்த நாள் பனியைப் பொறுத்து மாறும், கேட்டு வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா