தொம் என்ற எழுத்தும் பாட்டியின் தேளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதியில், மேடையில் கை நிறையப் பச்சை குத்திக்கொண்டு வாசிக்கும் பையன்களைப் பார்த்து மனம் நொந்து ஓர் அன்பர் எழுதியிருந்தார். நம் பண்பாட்டில் இல்லாத மேல்நாட்டு மோகம் என்பது அவர் தீர்ப்பு. நான் கும்பகோணத்தில் முப்பத்தோரு வருடமாக மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன். இப்போது என்னிடம் கற்கும் பதினான்கு பேரில் மூன்று பேர் கையில் பச்சை இருக்கிறது. அதனால் இதில் எனக்கும் பேச ஏதோ இருக்கிறது.

முதலில் அந்த மேல்நாடு. என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் வலது முன்கையில் ஒரு தேள் இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே புள்ளிக்கோலம் ஒன்று. கல்யாணத்துக்கு முந்தின வருடம் திண்ணையில் உட்காரவைத்துக் குத்தினார்களாம். அகத்திக்கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுப்பானையைக் கவிழ்த்துப் பிடித்த கரிதான் மை. அதைத் தாய்ப்பாலில் குழைத்தார்கள் என்பாள். குத்திய குறத்தி வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினாளாம். கூலி, ஒரு படி அரிசியும் பழைய புடவையும். "கட்டையில போகும்போது நகையெல்லாம் கழட்டிடுவாங்கடா, இது மட்டும்தான் கூட வரும்" என்று பாட்டி சொல்வாள். அப்படித்தான் போனாள். கரிய மையாக உள்ளே போய், தோலுக்கடியில் பச்சையாகத் தெரிந்ததால்தான் அதற்கே அந்தப் பெயர்.

அப்புறம் என் அப்பா காலம். எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கையில் கட்சிக்கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். கட்சிக்குள்ளேயே சிலர் முகம் சுளித்தார்கள், ஆனால் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் குத்திக்கொண்டார்கள். எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் கையில் அந்தக் கொடியை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். அவரை யாரும் மேல்நாட்டு மோகம் பிடித்தவர் என்று சொன்னதில்லை.

மின்சார ஊசி வேண்டுமானால் அமெரிக்காவிலிருந்து வந்தது. எழுத்தை நகலெடுக்க எடிசன் கண்டுபிடித்த மின்பேனாவை அடியொற்றி, 1891இல் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரைலி அதற்குக் காப்புரிமை வாங்கினார். இதை எனக்குச் சொன்னவன் என் மாணவன் ஒருவன். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

ஒன்பது வயதில் என்னிடம் வந்தவன். இப்போது இருபத்து மூன்று. சபாக்களில் பக்கவாத்தியம் வாசிக்கிறான். சென்னையில் நண்பர்களோடு ஓர் இசைக்குழுவும் வைத்திருக்கிறான், கிட்டார், டிரம்ஸ், நடுவில் இவன் மிருதங்கம். அந்தக் குழுவில் பச்சை இல்லாத கை இவனுடையது ஒன்றுதான் என்று ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தான். போன வருடம் மாசியில் ஒருநாள் வகுப்புக்கு வந்தவன் முன்கையின் உட்புறத்தைக் காட்டினான். 'த தி தொம் நம்'. மிருதங்கத்தின் அடிப்படைச் சொற்கள், நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பொய் சொல்வானேன், கண் கலங்கிவிட்டது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

'தொ' சரியாக இல்லை. கொம்பு 'த'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. முதலில் த, அப்புறம் கொம்பு, அப்புறம் கால், அப்புறம் ம். எங்கேயும் இல்லாத ஓர் எழுத்து, என் மாணவன் கையில் ஆயுள் முழுக்க.

எப்படி நடந்தது என்று விசாரித்தேன். பச்சை குத்துகிறவர் எழுத்தைக் கணினியில் தட்டி, அச்செடுத்து, அந்தத் தாளிலிருந்து தோலில் படியவைத்து, அதன் மேல்தான் ஊசி ஓட்டுகிறார். படம் வரையும் மென்பொருள்கள் சிலவற்றில் தமிழுக்கென்று உள்ள அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி விழும். கல்யாணப் பத்திரிகையிலும் பிளெக்ஸ் பேனரிலும் இந்தக் கூத்தை எல்லாரும் பார்த்திருப்போம். குத்தியவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சரி, இவனுக்குத் தெரியுமே என்றால், பச்சையை எதிரில் நிற்பவர் படிக்கும்படிதான் வைப்பார்களாம். குனிந்து பார்க்கிற இவனுக்கு எழுத்து தலைகீழ். போதாததற்கு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்பர் கோபப்பட வேண்டியது இதற்குத்தான் என்பேன். தமிழைத் தோலில் எழுதிக்கொள்ளுங்கள், தாராளமாக. ஆனால் கணினியை நம்பாமல் முதலில் ஒரு தாளில் பேனாவால் எழுதி, தமிழ் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். அந்தத் தாளையே நகலெடுக்கச் சொல்லுங்கள். தோலில் படியவைத்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து நிதானமாகப் படித்துவிட்டு, அப்புறம் ஊசிக்குக் கையை நீட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

சபா கதையையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். கச்சேரிக்கு அரைமணி முன்னால் செயலாளர் அவன் கையைப் பார்த்துவிட்டு, இதை மூடிக்கொண்டு வாசிக்க முடியுமா என்று கேட்டார். எழுத்துப்பிழையைப் பார்த்துச் சொன்னாரா என்றால் இல்லை, அவர் படிக்கவே இல்லை. ஜிப்பாவின் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வேகமாக வாசிக்க வராது என்பதால், மருந்துக்கடையில் பெரிய பிளாஸ்திரி வாங்கி ஒட்டினோம். தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிராக்காரரின் முறை வரும்போது மிருதங்கக்காரர்தானே தாளம் போட வேண்டும்? ஆதி தாளம். தாளத்தின் ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளங்கை மேலே திரும்பும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்திரி சபைக்குப் பளிச்சென்று தெரிந்தது. கச்சேரி முடிந்ததும் ஒரு மாமி ஓடிவந்து, "கையில இவ்வளவு பெரிய காயத்தோட வாசிச்சியா கண்ணா!" என்றார். பச்சையை விட்டிருந்தால் பத்து பேர் பார்த்திருப்பார்கள். பிளாஸ்திரியை மொத்த சபையும் பார்த்தது.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டி காலத்தைப் புகழ்ந்தேன் என்பதற்காக எல்லாம் நன்றாக இருந்தது என்று அர்த்தமில்லை. ஒரே ஊசி தெரு முழுக்கப் போனது. இன்றும் திருவிழாக் கடைகளில் அப்படிக் குத்துவதைப் பார்க்கிறேன், ஒருத்தருக்குக் குத்திய ஊசியைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்தவர் கையில். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும், அதற்கடியில் உள்ள தோலில் மை தங்குவதால்தான் பச்சை அழிவதில்லை. அங்கே ரத்தம் ஓடுகிறது. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசி வழியே போகக்கூடியவை. உறையைக் கண்முன்னால் பிரித்த புது ஊசி, சின்னக் குப்பியில் உங்களுக்கென்று தனியாக ஊற்றிய மை, புதுக் கையுறை. இந்த மூன்றையும் வாய் திறந்து கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

என் மனைவிக்கு இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நடந்தபோது ரத்தம் கொடுக்க முதலில் ஓடிவந்தவன் இவன்தான். ரத்த வங்கியில் கையைப் பார்த்ததுமே கேட்டார்கள், எப்போது குத்தினாய் என்று. நான்கு மாதம் என்றான். பச்சை குத்தி ஒரு வருடம் ஆகாமல் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது விதி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வேறு இரண்டு மாணவர்கள் கொடுத்தார்கள். அவளும் நன்றாக இருக்கிறாள்.

தப்பான எழுத்தை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. லேசரில் அழிக்கலாம், வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும், செலவும் குத்தியதைவிடப் பல மடங்கு. அதனால் மேலேயே வேறொன்றைக் குத்தி மறைக்க முடிவு செய்தான். இந்தத் தடவை என்னிடம் கேட்காமல் போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கேட்காமல்தான் போனான்.

போன மாதம் வந்து காட்டினான். 'த தி', அப்புறம் கெட்டியான ஒரு கரும்வட்டம், அப்புறம் 'நம்'. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை நடுவில் நாங்கள் சோறு என்று சொல்கிற அதே கறுப்பு. ஓரத்தில் சின்னச் சின்ன வெடிப்புகூட விட்டு அழகாகத்தான் குத்தியிருந்தார்கள். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏன்டா, தொம் இடது பக்கத் தொப்பியில விழுற சொல்லு. அங்க ரவைதானே பூசுவோம், சோறு எங்கேர்ந்து வந்துது?" என்றேன்.

"ரவை வெள்ளை சார். வெள்ளை மை கறுப்பை மறைக்காதாம்" என்று சொல்லிவிட்டு மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்தான்.

இப்படிக்கு,
மிருதங்க ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.