ஐம்பது புலா நோட்டில் இருப்பவர்

அன்புள்ள மகளுக்கு,

போட்ஸ்வானாவின் ஐம்பது புலா நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய், பார்த்தேன். அதில் இருப்பவர் அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி செரெட்சே காமா. "செரெட்சே காமா பெரிய தலைவர் எல்லாம் இல்லை, கோசி (இனத் தலைவர்) வீட்டுப் பிள்ளை என்பதால் ஓட்டு விழுந்தது" என்று உன் ஆபீஸில் ஒருவர் சொன்னாராமே. அது சரியா என்று கேட்டிருக்கிறாய். பாதி சரி. மீதியைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

செரெட்சேயின் ஊரான செரோவேயில் நான் கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் அவர் இறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஊர்ப் பெரியவர்கள் அவரை ஜனாதிபதி என்று சொல்லி நான் கேட்டதில்லை, கோசி என்றுதான் சொல்வார்கள். இத்தனைக்கும் 1956இலேயே அந்தப் பட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் ஊர் திரும்பினார்.

அந்தக் கதை உனக்குக் கொஞ்சம் தெரியும். 1921இல் பிறந்தவர். பங்வாட்டோ மக்களின் கோசியாக இருந்த அப்பா 1925இல் போய்விட்டார். பையன் வளரும்வரை சித்தப்பா செகெடி ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். சட்டம் படிக்க லண்டன் போன இடத்தில் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து, 1948இல் கல்யாணம். செகெடிக்கு வந்த கோபம் நம் ஊர்ச் சித்தப்பாக்களுக்கு வரும் கோபம்தான்: குடும்பத்தைக் கேட்காமல், ஊரைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம்?

ஆனால் ஊரைக் கேட்டார்கள், அதுதான் அந்த நாட்டின் அழகு. கோட்லா என்ற ஊர்ப் பொதுமன்றத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், கோசி கடைசியில்தான் பேசுவார். முதலில் கூடிய கூட்டம் கல்யாணத்தை ஏற்கவில்லை. 1949 ஜூனில் மறுபடி கூடியபோது, என்னை ஏற்காதவர்கள் எழுந்திருங்கள் என்று செரெட்சேயே கேட்டார். சில பத்துப் பேர் எழுந்தார்கள். ஏற்பவர்கள் என்றதும் ஆயிரக்கணக்கில் எழுந்துவிட்டார்கள். செகெடி தன் ஆட்களோடு ஊரை விட்டே போனார். பிற்பாடு செரெட்சே ஜெயித்த எந்தத் தேர்தலையும்விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. அரச வாரிசு ஒருவர் தன்னைத் தானே வாக்கெடுப்புக்கு விட்டது இங்கேதான்.

கெடுத்தது லண்டன், அப்போது நாடு பிரிட்டன் பிடியில் இருந்தது. பக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கட்சி அப்போதுதான் ஆட்சிக்கு வந்திருந்தது. கலப்புத் திருமணத்தையே தடை செய்துவிட்ட அந்த அரசின் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்குத் தேவை. செரெட்சே கோசியாகலாமா என்று விசாரணை நடத்திய நீதிபதி ஹாரகின், இவருக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது, கல்யாணம் ஒன்றுதான் இடைஞ்சல் என்கிற மாதிரி எழுதிவைத்தார். அந்த அறிக்கையை அமுக்கிவிட்டார்கள். பேசலாம் வா என்று 1950இல் லண்டனுக்குக் கூப்பிட்டு, ஊர் திரும்ப முடியாது என்றார்கள். ரூத் அப்போது செரோவேயில் பிள்ளைத்தாய்ச்சி. அடுத்து வந்த சர்ச்சில் அரசு 1952இல் அந்தத் தடையை நிரந்தரம் என்றது. பங்வாட்டோ மக்கள் மட்டும் வேறு கோசியைத் தேர்ந்தெடுக்க மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் பட்டம் வேண்டாம், சாதாரணக் குடிமகனாக வருகிறேன் என்று எழுதிக் கொடுத்து வந்தார்.

வந்து மாடு வளர்த்தார், அது சரியாக வரவில்லை. சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. அப்புறம்தான் கட்சி. க்வெட் மசீரே என்ற ஆசிரியரோடு சேர்ந்து ஜனநாயகக் கட்சியைக் கட்டினார். ஊர் ஊராக அலைந்து கட்சியை வளர்த்ததில் மசீரேவுக்குப் பெரிய பங்கு. 1965 தேர்தலில் 31 இடங்களில் 28. இங்கேதான் உன் ஆபீஸ்காரர் சொல்வது சரி: பங்வாட்டோ பகுதியில் விழுந்த ஓட்டு கொள்கைக்காக விழுந்ததில்லை, கோசிக்காக விழுந்தது. அந்தப் பகுதி பல காலம் அந்தக் கட்சியின் கோட்டையாகவே இருந்தது.

அந்த ஓட்டுகளை வாங்கி செரெட்சே என்ன செய்தார் என்று அந்த ஆபீஸ்காரரிடம் கேள். கோசிகளின் கையில் இருந்ததை ஒவ்வொன்றாக வாங்கினார். கோசிகளுக்கென்று ஒரு சபை வைத்தார், அதற்கு ஆலோசனை சொல்ல மட்டுமே அதிகாரம். நிலம் பிரித்துக் கொடுப்பது நில வாரியங்களுக்குப் போனது. 1967இல் மண்ணுக்கடியில் கிடைக்கும் தாதுக்கள் பழங்குடிக்குச் சொந்தமில்லை, நாட்டுக்குச் சொந்தம் என்று சட்டம். அதே வருடம் ஒராபாவில் வைரம் கண்டுபிடித்தார்கள். ஒராபா இருப்பது பங்வாட்டோ மண்ணில்! கோசியாகவே இருந்திருந்தால் அந்த வைரம் அவர் இனத்துக்குப் போயிருக்கும், மற்ற இனங்கள் சும்மா இருந்திருக்குமா? ஒரு கோசியே விட்டுக்கொடுத்ததால்தான் மற்றவர்களாலும் மறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். 1966 செப்டம்பர் 30இல் சுதந்திரம் வந்தபோது நாடு முழுக்கத் தார்ச்சாலை 12 கிலோமீட்டர்தான் என்பார்கள். நீ தினமும் காரில் போகிற ரோடெல்லாம் வைரம் போட்டது.

மற்ற கோசிகள் சும்மா இருக்கவில்லை. பங்வகெட்சே என்ற இன்னொரு இனத்தின் கோசி இரண்டாம் பத்தோயென் பொறுக்க முடியாமல் பட்டத்தை ராஜினாமா செய்து எதிர்க்கட்சியில் சேர்ந்தார். 1969 தேர்தலில் தன் ஊரான கன்யேயில் துணை ஜனாதிபதி மசீரேயையே தோற்கடித்தார். பார், அவரும் கோசியாக இருந்து அரசியலுக்கு வந்தவர்தான். ஒருவர் அந்த அதிகாரத்தைக் குறைக்க வந்தார், இன்னொருவர் குறையாமல் காக்க வந்தார்.

செரெட்சேயைத் தெய்வமாக்காதே. அது மாட்டுப் பண்ணைக்காரர்களின் அரசு. 1975இல் கொண்டுவந்த மேய்ச்சல் நிலக் கொள்கையில் லாபம் அடைந்தவர்கள் பெரிய மந்தை உள்ளவர்கள். கலஹாரிப் பாலைவனத்தின் ஆதிகுடிகளான சான் மக்களுக்குப் பெரிதாக எதுவும் சேரவில்லை. பட்டத்தைத் தான் விட்டாரே தவிர, 1979இல் மகன் இயன் காமாவை அதே இடத்தில் கோசியாக உட்கார வைத்தார்கள். மறு வருடம் ஜூலையில் புற்றுநோயால் செரெட்சே இறந்தார், வயது 59. கோசி, ராணுவத் தளபதி என்று இருந்த மகன், 2008இல் ஜனாதிபதியும் ஆனார். பத்து வருடம் ஆண்டுவிட்டு, தான் கைகாட்டியவரோடே சண்டை போட்டுக் கட்சியை விட்டு வெளியேறினார். அப்பா கட்டிய கட்சி 2024இல் தோற்றதில் அந்தச் சண்டைக்கும் பங்கு உண்டு. அப்பா வெட்டிய மரம் மகன் காலத்தில் துளிர்த்துவிட்டது போல எனக்குத் தோன்றும்.

லீவு கிடைத்தால் செரோவே போய் வா. மூன்றாம் காமா நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது, அது செரெட்சேயின் தாத்தா பெயரில். காமாக்களின் கல்லறைகள் குன்றின்மேல் இருக்கின்றன, ரூத்தையும் அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். கோட்லாவுக்குள் போவதாக இருந்தால் பேண்ட் போட்டுக்கொண்டு போய் நிற்காதே, பெண்களுக்கு அங்கே அது வழக்கமில்லை. பாவாடை ஒன்று எடுத்துப்போ. தண்ணீர் நிறையக் குடி, அக்டோபர் வெயில் அங்கே பொல்லாதது.

அன்புடன்,
அம்மா