காஸ் தானாகத் தீராது, பாப்பா

அன்புள்ள பாப்பா,

‘கார் ஏசி குளிரலப்பா, காஸ் கேன் வாங்கி நானே அடிச்சுட்டேன், இப்போ பரவாயில்லை’ என்று நீ அனுப்பின ஒரு வரியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து சேதி இல்லை. போன் செய்தால் ‘அப்புறம் பேசறேன்’ என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா நலம். மற்றதெல்லாம் பிறகு.

நீ கேன் வாங்குகிற பெண் இல்லையே. அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டாமல் காஸ் ஏற்றினவரோடு பள்ளிக்கூடச் சீருடையிலேயே நின்று வாதாடினவள் நீ. இப்போது ஏன் வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. செலவே இல்லாத சோதனைகளை முதலில் சொல்கிறேன், அவற்றை மட்டுமாவது செய்.

சமையலறைத் தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகு. உள்காற்றையே சுற்றவிடுகிற ரீசர்குலேஷன், முழுக் குளிர், எஞ்சின் 1500 ஆர்பிஎம், பத்து நிமிஷம். வெளியே 38 டிகிரி இருக்கும்போது 10, 12 காட்டினால் ஏசி நன்றாகவே இருக்கிறது. 18க்கு மேல் நின்றால் கோளாறு. கையை நீட்டிப் பார்த்துச் சொல்லாதே, வெயிலில் கை பொய் சொல்லும்.

காற்றே குறைவாக வந்தால் காஸைத் தொடாதே. கேபின் ஃபில்டரைக் கழற்று. பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கறுத்திருந்தால் மாற்று. முதலில் நன்றாகக் குளிர்ந்து, ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு காற்று அடங்கினால், கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிடு. கால் மணி நேரத்தில் காற்று திரும்பினால் அதுதான். காயில் சென்சாரையோ காஸ் குறைவையோ சந்தேகப்படு. ஒரு பக்க வென்ட் குளிர்ந்து மறுபக்கம் சூடாக வந்தால் குளிர்காற்றையும் சூடுகாற்றையும் கலக்கிற, உள்ளே இருக்கிற பிளெண்ட் கதவைப் பார். காஸ் குறைந்தாலும் சில வண்டிகளில் இப்படி வரும்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? இதை நீ எழுதவே இல்லை, பாப்பா, இதுதான் முக்கியம். அப்படியென்றால் கண்டன்சருக்கு, அதாவது காஸின் சூட்டை வெளியே விடுகிற முன்பக்கக் காயிலுக்கு, காற்று போதவில்லை. ஏசி போட்டதும் முன் ஃபேன் சுற்றுகிறதா பார். சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் போ. சுற்றியும் குளிரவில்லை என்றால், ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் தண்ணீரை மெல்லத் தெளி. வென்ட் சூடு சட்டென்று நாலைந்து டிகிரி இறங்கினால், குற்றம் காஸில் இல்லை. எஞ்சின் ஆறினதும் சாதாரண ஹோஸால் கழுவு, முடிந்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக. பிரஷர் வாஷர் வேண்டாம், அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ரேடியேட்டருக்கும் கண்டன்சருக்கும் நடுவே சருகும் தூசியும் அடைந்து கிடக்கும், அங்கேதான் யாரும் பார்ப்பதில்லை.

இத்தனையும் பார்த்த பிறகுதான் காஸ். அது மூடின குழாய்க்குள் சுற்றி வருவது, பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. ஏசியின் ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். ஒரே கோடையில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. காஸோடு எண்ணெயும் வரும் என்பதால் இணைப்புகளிலும் கண்டன்சர் ஓரங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருக்கிறதா தேடு.

கேனில் இருக்கிற கேஜ் லோ சைடை, அதாவது கம்ப்ரஸருக்குத் திரும்புகிற பக்கத்து அழுத்தத்தை மட்டும்தான் காட்டும். ஃபேன் வேலை செய்யாத வண்டியில் அதை நம்பி மேலும் அடித்தால் கம்ப்ரஸரிலிருந்து வெளியேறுகிற ஹை சைடு அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் திணறும், குளிர் இன்னும் குறையும். சின்னக் காருக்கு மொத்தமே 400, 500 கிராம்தான் பிடிக்கும். சரியான எடை பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அதில் 50 கிராம் கூடுதல் என்பது சின்ன விஷயமா? கேன் ஹோஸில் இருந்த காற்றும் உள்ளே போயிருக்கும், அது கண்டன்சரில் திரவமாகாது, அழுத்தத்தைத்தான் ஏற்றும். ஒழுக்கை அடைக்கிற சீலன்ட் கலந்த கேனாக இருந்தால் மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிடு, அது காஸை அளந்து விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வையும் சர்வீஸ் மெஷினையும் அடைக்கும். இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரிந்தே செய்திருக்கிறாய் என்பதுதான் என் கவலை.

சிவப்பும் நீலமுமான கேஜ் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? நிழலில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மாட்டு. எஞ்சின் போடுவதற்கு முன், 30 டிகிரியில் ஆர் 134ஏ காஸ் இரண்டு பக்கமும் 95 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்க வேண்டும். வெகுவாகக் குறைந்தால் கிட்டத்தட்ட காலி, கூடினால் உள்ளே காற்று. 95 இருப்பதால் காஸ் முழு அளவு என்று அர்த்தமில்லை. பிறகு ஏசியை ஓடவிட்டுப் பார். இரண்டும் தாழ்ந்தால் காஸ் குறைவு. இரண்டும் உயர்ந்தால் கண்டன்சர், ஃபேன், அல்லது அளவுக்கு மிஞ்சின காஸ். லோ உயர்ந்து ஹை தாழ்ந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. லோ வேக்குவத்துக்கே இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு.

சரியான வழி ஒன்றுதான். இருக்கிற காஸை மெஷினில் எடுத்து, ஒழுக்கை அடைத்து, ஓ ரிங் புதிது போட்டு, அரை மணி நேரமாவது வேக்குவம் பிடித்து, கேஜ் ஊசி ஏறாமல் நிற்கிறதா பார்த்து, எடை போட்டு ஏற்றுவது. சிஸ்டத்தைத் திறந்தால் ஈரத்தை உறிஞ்சுகிற ட்ரையரை மாற்றச் சொல்.

பேரக்குட்டியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு மத்தியான வெயிலில் கிளம்பாதே. ஏறினதும் ஜன்னல்களை இறக்கி இரண்டு நிமிஷம் ஓட்டி, சூட்டை வெளியே தள்ளின பிறகு ரீசர்குலேஷன் போடு. நீண்ட தூரம் என்றால் நடுநடுவே வெளிக்காற்றுக்கு மாற்று, இல்லாவிட்டால் தூக்கம் வரும். நிறுத்தின காரில் அவனை ஒரு நிமிஷம்கூட விடாதே. பத்து நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும்.

மாப்பிள்ளை இப்போது வேலைக்குப் போகிறாரா? எழுத இஷ்டமில்லையென்றால் எழுத வேண்டாம். கண்டன்சரோ கம்ப்ரஸரோ மாற்றவேண்டி வந்தால் பில்லை என் பெயருக்குப் போடச் சொல். பானட் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு, வென்ட் சூடும் இரண்டு கேஜ் அளவும் எழுது. அதுவரை இன்னொரு கேன் வாங்காதே.

அப்பா