புறவிரலால் தொட்டுப் பார்த்த அண்ணாச்சிக்கு

குலசை என்கிற குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் காப்பு களைந்து மூன்று நாள்தான் ஆகிறது. விரல் இடுக்கில் ஒட்டிய பசை இன்னும் முழுசாகப் போகவில்லை. தசராவுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டும் எங்கள் குழு, ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டிச் செய்த ஏழு கவசமும் சூரசம்ஹாரத்துக்கு முந்தின ராத்திரி ஒட்டு விட்டுப் பிரிந்ததை உங்களில் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு விடிவதற்குள் யாராவது போனில் சொல்லியிருப்பார்கள். அதை விரிவாகத் திரும்ப எழுதப்போவதில்லை. ராஜா, சேனாபதி, படைவீரர் ஐந்து பேர் என்று ஏழு வேஷமும் கலையாமல் கடற்கரைக்குப் போய்த் திரும்பியது. அதற்குக் காரணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே குடை விரித்துச் செருப்புத் தைக்கும் அண்ணாச்சிக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் நின்றவர், தரையில் கிடந்த மார்புத் தகடு ஒன்றை எடுத்து, பாதி திறந்திருந்த ஒட்டை மீதியும் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். பிரிந்த இடத்தில் ஃபோம் பிய்ந்து வந்திருந்தால் பசை நன்றாகப் பிடித்திருந்தது என்று அர்த்தம். இரண்டு முகமும் வழவழவென்று மினுங்கினால் பசை பசையோடு சேரவே இல்லை. எங்களுடையது மினுங்கியது.

“பசை மேல குத்தமில்ல தம்பி. ஒங்க அவசரத்து மேலதான்.”

அவர் தொழிலும் எங்கள் கவசமும் ஒரே பொருள்தான் என்பது அதுவரை உறைக்கவே இல்லை. ரப்பர் செருப்பின் அடியில் இருப்பதும் அநேகமாக இந்த இ.வி.ஏ. என்கிற ஸ்பாஞ்சு மாதிரி ஃபோம்தான், ஒட்டுவதும் இதே மஞ்சள் பசைதான். இணையத்தில் டெம்ப்ளேட், அதாவது கவசத்துக்கு வெட்டு மாதிரித் தாள், தேடித் தேடி அலைந்தவர்கள் பத்தடி தூரத்தில் இருந்த ஆளைக் கேட்கவில்லை.

அவர் சொல்லித்தந்ததை அடுத்த குழுக்களுக்கும் உதவும் என்று அப்படியே எழுதுகிறோம். ஃபோம் ஷீட்டின் மேல்தோல் வழுக்கும். ஒட்ட வேண்டிய இடத்தை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைக் காய்ந்த துணியால் துடைத்த பிறகுதான் பசையைத் தொட வேண்டும். பசை இரண்டு முகத்திலும் மெல்லிசாக. வெட்டிய ஓரம் பசையைக் குடித்துவிடும். அதனால் ஓரத்துக்கு ஒரு பூச்சு காய்ந்தபின் இன்னொரு பூச்சு. பிறகு காத்திருக்க வேண்டும். டப்பாவில் பத்துப் பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தாலும், கடற்காற்று அடிக்கிற ஐப்பசி ராத்திரிக்கு அது போதாது. இருபது, இருபத்தைந்து ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதே, விரலைக் கேள் என்றார். அதுவும் விரல் நுனி இல்லை, புறவிரல். நுனியில் வேர்வையும் எண்ணெயும் இருக்கும். நாள் முழுக்கப் பசை தொட்ட தோலுக்கு உணர்வும் மட்டு. விரலை மடக்கி, நகத்துக்குப் பின்னால் இருக்கிற தோலால் தொட்டால் பிசுக்கென்று இழுக்க வேண்டும், ஆனால் நூல் வரக் கூடாது, தோலில் பசை ஏறக் கூடாது. அந்தப் பதம்தான் பதம்.

ஈரக்காற்றின் சங்கதி இன்னொன்று. பசையில் இருக்கிற திரவம் ஆவியாகும்போது அந்த முகம் குளிர்ந்துபோகும். குளிர்ந்த முகத்தில் காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாத பனிபோல இறங்கும். பசை மேல் மங்கலாக, லேசாக வெளுத்த மாதிரி ஒரு படலம் தெரிந்தால் அதுதான். அந்த நிலையில் ஒட்டினால் ஒட்டின மாதிரிதான் இருக்கும். காலையில் உரித்த வாழைத்தோல் மாதிரி பிரிந்துவிடும். சீக்கிரம் காயட்டும் என்று டேபிள் ஃபேனை நேராக வைத்தது அதைவிட மோசம்: மேலே தோல் கட்டிக்கொள்ளும், அடியில் திரவம் மாட்டிக்கொள்ளும். படலம் தெரிந்தால் தலைமுடி உலர்த்தியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, அது மறையும்வரை சூடு காட்டினால் போதும். மெழுகுவர்த்தி, ஸ்டவ் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அந்த ஆவி பற்றிக்கொள்ளும்.

ஒட்டும்போது இரண்டு ஓரமும் தொட்டுவிட்டால் அப்புறம் நகர்த்த முடியாது. அதனால் டெம்ப்ளேட்டிலேயே 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சேர்த்தபின் இந்தப் பசைக்கு வேண்டியது நேரம் இல்லை, அழுத்தம். அவர் ஒவ்வொரு ஒட்டையும் செருப்பு வைத்துத் தட்டும் தன் இரும்புக் காலில் வைத்துச் சுத்தியலால் தட்டினார்.

கடைசியாக அவர் காட்டியதுதான் எங்களை உட்கார வைத்தது. தன் ஹவாய்ச் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பிடித்தார். செருப்பு வார் எங்கேயும் ஒட்டி நிற்பதில்லை. துளைக்குள் போய், அடியில் தலை விரித்து நிற்கிறது. நாங்களோ தோள் பெல்ட்டைத் தகட்டின் மேல்முகத்தில் வெறும் பசையால் ஒட்டியிருந்தோம். ஒட்டிய இரண்டு முகத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் பசை தாங்கும். ஒரு மூலையிலிருந்து உரித்தால் தாங்காது. கை தூக்குகிற ஒவ்வொரு தடவையும் பெல்ட் உரித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பையிலிருந்து தேய்ந்த செருப்புகளின் அடித்துண்டுகளைக் கொட்டினார். பெல்ட்டை ஒரு கீறல் வழியாக உள்ளே விட்டு, 5 செ.மீ. சதுர அடித்துண்டில் வைத்துத் தைத்து, அந்தத் துண்டை உட்பக்கம் ஒட்டினோம். நீள ஒட்டுகளுக்கு உள்ளே 3 செ.மீ. அகலத்தில் 2 எம்.எம். ஃபோம் பட்டை. விடிகாலை இரண்டரைக்கு முடிந்தது. காசு வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார், அதற்கும் அவரே கொடுத்தார். தோல் சீவும் தன் கத்தியையும் விட்டுவிட்டுப் போனார்.

மற்றவர்களையெல்லாம் ஒரே மூச்சில் சொல்வது நியாயம் இல்லை. இருந்தாலும் வேறு வழி இல்லை.

ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு நன்றி. டெம்ப்ளேட் மூலையில் அளவு சரிபார்க்கப் போட்டிருந்த 10 செ.மீ. கோட்டின் மேல் யாரும் சொல்லாமலே ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்து, 9.6தான் வருகிறது என்று சொன்னவர் அவர். கணினியில் ‘ஃபிட் டு பேஜ்’ (தாளுக்குள் அடங்கச் சுருக்கு) என்று இருந்ததை 100 சதவீதத்துக்கு மாற்றி மறுபடி எடுத்துத் தந்தார். நாலு சதவீதம் என்ன பெரிசு என்று தோன்றும். 110 செ.மீ. மார்புச் சுற்றில் அது 4.4 செ.மீ.; பக்கிள் மாட்டாமல் போவதற்கு அது தாராளம்.

தையல் அக்காவுக்கு நன்றி என்று ஒரு வரியில் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் கொஞ்சம் நீளமாக. டெம்ப்ளேட் 172 செ.மீ. உயரம், 96 செ.மீ. மார்பு உள்ள ஒரு உடம்புக்கு வரைந்தது. எங்கள் சேனாபதி 160 உயரம், மார்பு 104. உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 93 சதவீதத்துக்குச் சுருக்க வேண்டும். மார்பை வைத்துப் போட்டால் 108 சதவீதத்துக்குப் பெருக்க வேண்டும். எல்லாரும் உயரத்தைத்தான் எடுப்பார்கள், எல்லாருக்கும் அங்கேதான் வெடிக்கும். அக்கா சொன்னது: சுற்றளவுக்குப் பெருக்கு, நீளத்தை மடித்து எடு. 108இல் அச்செடுத்ததும் 46 செ.மீ. முதுகு நீளம் கிட்டத்தட்ட 50 ஆனது. சேனாபதிக்கு வேண்டியது 43. அதிகப்படியான 7 செ.மீ.யைக் கழுத்திலோ கை வளைவிலோ வெட்டினால் வடிவம் போய்விடும். அக்குளுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே குறுக்காக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, விலாக்கோட்டை மட்டும் புதிதாக வரைந்தார். பிளவுஸ் வெட்டுகிற கை, ஐந்து நிமிட வேலை.

சதவீதம் போடும்போது எல்லாம் சேர்ந்து பெருகாது என்பதும் அங்கேதான் புரிந்தது. 150 செ.மீ. பையனுக்கு 80 சதவீதத்தில் அச்செடுத்தோம். பெல்ட் கீறலும் சேர்ந்து 25 எம்.எம்.இலிருந்து 20 ஆனது, பெல்ட் நுழையவில்லை. ஃபோம் தடிப்பும் சதவீதத்துக்கு அடங்காது. 10 எம்.எம். ஷீட்டை வளையமாகச் சுற்றினால் உட்சுற்று, வெட்டிய நீளத்தைவிட 3 செ.மீ. குறையும். 6 எம்.எம். என்றால் 2. கிரீடத்துக்குக் கணக்கு இப்படி: தலைச்சுற்று 56, உள்ளே ஒரு செ.மீ. மெத்தைக்கு 6.3, 6 எம்.எம். ஃபோமுக்கு 1.9, ஆக 64 செ.மீ. நெற்றியில் இரும்பு வளையம் மாட்டின மாதிரி ராஜா முனகிக்கொண்டே இருந்ததற்குக் காரணம், நாங்கள் 58 வைத்ததுதான்.

ஸ்கூல் பேக் தைக்கிற கடையில் 25 எம்.எம். நாடாவும் பக்கிளும் அசல் விலைக்கே தந்தார்கள். பழைய காலண்டர் தாள் கொடுத்த வீடுகளுக்கு நன்றி: ஃபோமை வெட்டுவதற்கு முன் எல்லாத் தகட்டையும் முதலில் அதில்தான் செய்து, டேப் ஒட்டி உடம்பில் மாட்டிப் பார்த்தோம். பெயின்ட் கடைக்காரர் ஃபோமில் மூன்று கோட் பெவிகால் பூசிய பிறகுதான் வண்ணம் என்று பிடிவாதமாக நின்றார், நல்லதாகப் போயிற்று. கிரீடத்தின் மேல் தெர்மாகோல் வைத்து இதே பசையால் ஒட்டப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்திய பாட்டிக்கும். பசை பட்டால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். பாட்டிக்கு அது எப்படித் தெரியும் என்று இன்னும் கேட்கவில்லை.

மணிக்கணக்கில் அளவெடுக்க நின்ற ஏழு பேரும் விரதத்தில் இருந்தவர்கள். உட்கார், கையைத் தூக்கு, விழுந்து கும்பிடு என்று மாற்றி மாற்றிச் சொன்னபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வெளியூர் டெம்ப்ளேட் எதிலும் விழுந்து கும்பிடுவதற்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். குனிந்தால் மார்புத் தகட்டின் கீழ் ஓரம் தொடையில் முட்டி, மேல் ஓரம் தாடையில் இடிக்கும். வயிற்றுத் தகட்டைத் தனியாக வெட்டி, மீன் செதில் மாதிரி மேல் தகட்டுக்கு உள்ளே 4 செ.மீ. செருகி, இரண்டையும் எலாஸ்டிக்கால் இணைத்த பிறகுதான் அம்மன் முன்னால் ஒழுங்காக விழ முடிந்தது.

ஒரு விஷயத்தில் எங்கள் மேல் சிலருக்கு வருத்தம் இருக்கிறது. தீச்சட்டி எடுக்கிறவர் கவசம் கேட்டபோது மறுத்துவிட்டோம். இந்த ஃபோம் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டும். பெவிகாலும் பெயின்ட்டும் அதைத் தடுக்காது. அடுத்த வருடமும் மறுப்போம். தீச்சட்டிக்குப் பருத்தித் துணியே சரி.

அடுத்த வருடம் பசை தொடும் வேலை எல்லாம் காப்புக் கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிடும், இது அம்மன் சாட்சியாகச் சொல்வது. ஒட்டிய கவசத்தை ஒரு நாள் முழுக்கத் திறந்த நிழலில் வைத்துவிட்டு, ஒவ்வொரு மூலையையும் பிரித்துப் பார்க்கச் சொல்லி அண்ணாச்சியிடமே கொடுப்போம். வேன் மேல் வெயிலில் கட்டிக் கொண்டுபோக மாட்டோம். சூட்டில் ஃபோம் கோணுவதோடு பசையும் இளகும். ஏழு உடம்புக்கும் திருத்திய டெம்ப்ளேட்டுகள் அளவு எழுதி, இடது வலது குறித்து, பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. எந்தக் குழு கேட்டாலும் தருவோம். அச்செடுத்ததும் 10 செ.மீ. கோட்டை அளந்துவிட்டு வெட்டுங்கள்.

அண்ணாச்சி, உங்கள் கத்தி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஃபோம் சீவிச் சீவி முனை மழுங்கிப்போயிற்று. சாணை பிடித்து வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறோம். அன்றைக்கு டீ எங்கள் கணக்கு.

இப்படிக்கு,
கவசம் கட்டிய ஆறு பேர்