கோபுரத்தை வரைந்தது போதும், தெருவை அளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 குழந்தைகள் நாள். 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இந்தப் பன்னிரண்டு நாளில் மதுரைப் பள்ளிகள் பலவற்றில் நடப்பது ஓவியப் போட்டி. மீனாட்சி கோயில் கோபுரத்தையோ திருமலை நாயக்கர் மகாலையோ வரைந்து, பரிசை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். தாங்கள் தினமும் நடக்கிற தெரு எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. இரண்டு காலைப் பொழுதை ஒதுக்கி, பிள்ளைகளைத் தெருவில் நடந்து அளக்கவிட்டால் கேட்டுவிடலாம்.

மதுரை இதற்கென்றே அமைந்த ஊர். "சித்திரைத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகூடத் தெருவின் அகலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். மாசி மாதத்தில் நடந்த தேர் விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. தேர் திரும்பும் மூலையில் ஒரு கடை எவ்வளவு முன்னே நீட்டலாம் என்ற நகரமைப்புக் கேள்வியும் அதே பேச்சில் வந்துவிடும். வெளி வீதிகள் பழைய கோட்டைச் சுவர் இருந்த இடத்தை ஒட்டி உருவானவை. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தாம் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். பிளாக்பர்ன் நினைவாக நிற்பது விளக்குத்தூண். ஊரின் வடிவம் மனிதர்கள் எடுத்த முடிவு என்பது பிள்ளைகளுக்கு இங்கே கண்ணெதிரே தெரிகிறது.

விளக்குத்தூணில் தொடங்கி, பத்துத்தூண் சந்து வழியாக மகால் வரை நடப்பது நல்ல தடம். கடைகள் திறக்குமுன் காலை 7 மணிக்கு ஒரு நாள், நெரிசல் நேரத்தில் இன்னொரு நாள். ஒரே தெருவை இரு முகத்துடன் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். 9 முதல் 13 வயது வரை 24 பிள்ளைகள் போதும். அறுவராக நான்கு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இரண்டு பெரியவர்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர் தன் வகுப்புக் குழுவோடு போகக் கூடாது; அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வார்கள்.

வரைபடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. கைப்பேசி வரைபடத்தை அச்சிட்டுக் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் தாங்கள் நிற்கும் இடமே பிடிபடாது. 1:500 அளவில் வரையுங்கள்: தெருவின் 5 மீட்டர் தாளில் 1 சென்டிமீட்டர், 400 மீட்டர் தெரு 80 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். டீக்கடை, தண்ணீர்க் குழாய், பேருந்து நிற்கும் இடம், மரம் இவற்றைக் குறியுங்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று ஒட்டுப்பொட்டுகள்: பிடித்த இடம், பயமான இடம், மாற வேண்டிய இடம்.

குழுவுக்கு ஒரு 5 மீட்டர் அளவுநாடா, 95 சென்டிமீட்டருக்கு வெட்டிய ஒரு குச்சி. மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ அவ்வளவுதான். குச்சியின் உச்சியில் கைப்பேசியை வைத்துப் படம் எடுத்தால், நிறுத்திவைத்த இருசக்கர வண்டிகளுக்குப் பின்னால் சாலையே தெரியாது. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் (Indian Roads Congress) நெறி. பிள்ளைகளே அளந்து எழுதட்டும். அளவோடு வரும் புகாரை அதிகாரி எளிதில் தள்ள முடியாது.

கேள்விதான் உயிர். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் நீச்சல்குளமும் ராட்டினமும் வரும், அது பிள்ளைகளின் குற்றமில்லை, கேள்வியின் குற்றம். "எங்கே ஒதுங்கி நின்றாய்? எங்கே நிழல் இருந்தது? எந்த இடத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொள்வார்?" என்று கேளுங்கள். வீட்டுக்கும் ஒரு கேள்வி கொடுத்தனுப்பலாம்: "தாத்தா, பாட்டி சின்ன வயதில் இந்த மூலையில் என்ன இருந்தது?" பட்டியலில் ஏறாத மரபெல்லாம் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

ஒரு குழுவில் ஒரே பிள்ளை பேசிக்கொண்டிருந்தால், முதலில் எல்லோரும் பொட்டு ஒட்டட்டும், பேச்சு பிறகு. பெண்பிள்ளைகளின் சிவப்புப் பொட்டுகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால் தடத்தை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் முகம் தெரியும் படம் வேண்டாம்.

அறிக்கையில் பிள்ளைகளின் சொற்களைத் திருத்தாதீர்கள். "அந்தத் திருப்பத்தில் நாய் படுத்திருக்கும், விளக்கு எரியாது" என்பதை "பாதசாரிகள் பாதுகாப்பு மேம்பாடு" என்று மாற்றினால் எந்தத் திருப்பம் என்பதே காணாமல் போகும். சொன்னது, அளந்தது, யார் பொறுப்பு என்று மூன்று பத்தி போதும். விளக்கு மாநகராட்சிக்கு, மகாலைச் சார்ந்தது தொல்லியல் துறைக்கு.

இதை எங்கே கொடுப்பது? 2022 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் கூட்டங்கள், நடக்கின்றன. அவற்றில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். முடியும், முடியாது, ஏன் முடியாது என்று ஒரு பக்கப் பதில் 30 நாளில் பள்ளிக்கு வர வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த ஆண்டு அதே பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவின் மீது யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபமும் ஆலோசனையும் தர இடம் தருகிறது. அதற்கான கால அளவு இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. வயது வரம்பு சொல்லப்படவில்லை. ஆனால் அந்த அறிவிப்பு ஏப்ரல் கடைசியில் வெளிவந்தால் ஒரு மாதத்துக்கு மேல் கோடை விடுமுறையில் கரைந்துவிடும். பள்ளி திறந்திருக்கும் மாதங்களில் வரைவை வெளியிடுமாறு நகர் ஊரமைப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நகரமைப்பு, மரபுப் பாதுகாப்புப் பணியாளர்கள்,
மதுரை.