போர்டில இருக்கிற வருசமும் இடாப்பில இருக்கிற வருசமும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல கம்பஸ் அனுமதி பற்றின பக்கத்தில ஒரு சின்னப் பெட்டி போட்டிருந்தீங்கள், அதில கொழும்புப் பல்கலைக்கழகம் 1978ல ஆரம்பிக்கப்பட்டது எண்டு கிடந்தது. சட்டத்தை வச்சுப் பாத்தா பிழை சொல்ல ஏலாது, அந்த வருசத்துச் சட்டத்தாலதான் அது தனிப் பல்கலைக்கழகமா ஆனது. ஆனா அதே கொழும்பு கம்பஸ் 2021ல தன்ர நூற்றாண்டைக் கொண்டாடினது. 1978ல பிறந்ததுக்கு 2021ல எப்பிடி ஐயா நூறு வயசு வரும்? அதைவிடப் பகிடி, அதுக்கு முதல் வருசம் அதே கம்பஸின்ர மருத்துவ பீடத்துக்கு 150 வருசம். தாய்க்கு நூறு, பிள்ளைக்கு நூற்றைம்பது.

பகிடியை விட்டிட்டு விசயத்துக்கு வாறன். மருத்துவ பீடம் 1870ல கொழும்பு மருத்துவப் பள்ளிக்கூடமாத் தொடங்கி, 1880ல இலங்கை மருத்துவக் கல்லூரியாகி, கனகாலம் தனியாளாத்தான் நிண்டது. கின்சி ரோட்டால போறவை அதுக்கு முன்னால நிக்கிற கொக் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாத்திருப்பினம், கொக் எண்டவர் அங்க அதிபரா இருந்த டொக்டர், அவர்ட நினைவா 1881ல கட்டினது, இந்த நாட்டில யூனிவர்சிட்டி எண்டு ஒண்டு வாறதுக்கு 61 வருசம் முந்தி. மற்றப் பக்கம் 1921ல துர்ஸ்டன் ரோட்டில ஒரு யூனிவர்சிட்டி கொலிஜ் துறந்தாங்கள், றெஜினா வளவ்வ எண்ட பெரிய வீட்டை வாங்கி கொலிஜ் ஹவுஸ் எண்டு பேர் மாத்தி. யூனிவர்சிட்டி வேணும் எண்டு எங்கட பொன்னம்பலம் அருணாசலம் 1906ல சங்கம் எல்லாம் வச்சுக் கத்தினவர், பதினைஞ்சு வருசம் கழிச்சு வந்ததோ சொந்தமா பட்டம் குடுக்க ஏலாத ஒரு கொலிஜ், பெடியள் படிச்சது இங்க, சோதினை எழுதினது லண்டன் பட்டத்துக்கு. 1942ல இந்தக் கொலிஜையும் அந்த மருத்துவக் கல்லூரியையும் சேர்த்துத்தான் இலங்கைப் பல்கலைக்கழகம், முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். அப்ப மருத்துவ பீடம் எண்ட அந்தக் கிழவி தாய் வயித்தில வந்த பிள்ளை இல்லை, கலியாணம் முடிச்சு வந்து சேர்ந்த ஆள் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

பிறகு நடந்தது அச்சொட்டா எங்கட வீடுகளில நடக்கிற பங்குப் பிரிப்பு. யூனிவர்சிட்டி 1952ல பேராதனைக்குப் போட்டுது, ஆனா எல்லாரும் போகேல்ல, மருத்துவம் சயன்ஸ் எண்டு கொஞ்சம் கொழும்பிலயே நிண்டிட்டுது, 1967ல கொழும்பு தனியாப் பிரிஞ்சது. இண்டைக்குப் பேராதனை தன்ர பிறந்த வருசம் 1942 எண்டும் கொழும்பு 1921 எண்டும் சொல்லுது. தம்பி கொழும்பு வீட்டைப் பிடிச்சார், அண்ணர் பேராதனை பேரைக் கொண்டு போனார், ரெண்டு பேரும் அப்புவின்ர படத்தை அவரவர் ஹோலில மாட்டி வச்சிருக்கினம். ரெண்டும் சரிதான் எண்டுறன் நான்.

இடையில 1972ல வந்த கூத்தை மறந்தா பாவம். எல்லா யூனிவர்சிட்டியையும் ஒண்டாக்கி ஒரே இலங்கைப் பல்கலைக்கழகம் எண்டாங்கள், பேராதனை கொழும்பு வித்தியோதய வித்தியாலங்கார கட்டுபெத்த எல்லாம் அதின்ர வளாகங்கள், அதாவது கம்பஸ், 1974ல யாழ்ப்பாணமும் அப்பிடித்தான் சேர்ந்தது. ஆறு வருசத்தில அந்த ஏற்பாடு செத்துப்போச்சு, ஆனா பேரப்பிள்ளை வரைக்கும் எங்கட சனம் "கம்பஸ் கிடைச்சிட்டுதா" எண்டுதான் கேக்குது, யூனிவர்சிட்டி கிடைச்சிட்டுதா எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. என்ர நினைப்பு, செத்துப்போன அந்த ஏற்பாடு எங்கட வாயிலதான் மிச்சமா இருக்கு.

கட்டடத்தை வச்சு வம்சம் சொல்ல வெளிக்கிட்டாலும் சிக்கல்தான். துர்ஸ்டன் ரோட்டில கம்பஸ் பெடியள் ஏறி இறங்கிற அந்தப் பழைய கட்டடம் முந்தி றோயல் கொலிஜின்ரது. றோயல் 1835ல ஹில் ஸ்ட்ரீட்டில மார்ஷ் எண்ட பாதிரியார் நடத்தின சின்னப் பள்ளிக்கூடம், அடுத்த வருசம் அரசாங்கம் எடுத்துக் கொழும்பு அக்கடமி, 1881ல றோயல், 1911ல துர்ஸ்டன் ரோட்டுக்கு வந்து 1923ல பக்கத்தில புதுக் கட்டடத்துக்குப் போக, விட்டிட்டுப் போன வீட்டில யூனிவர்சிட்டி கொலிஜ் குடி வந்தது. அதுக்காக றோயல் கம்பஸின்ர தகப்பன் ஆகுமே? ஆகாது, முந்தி இருந்த குடித்தனக்காரர், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலயும் ராமநாதன் 1921ல தொடங்கின பரமேஸ்வராக் கல்லூரி வளவிலதான் கம்பஸ் வந்தது, அவர் கட்டின கோயில் இப்பவும் உள்ளுக்க நிக்குது, ஆனா அங்க வளவும் கோயிலும் கைமாறினதே தவிர பள்ளிக்கூடம் கம்பஸா வளரேல்ல.

நிசமா வளர்ந்தது எண்டா மொறட்டுவையைச் சொல்லுவன். மருதானை டெக்னிக்கல் கொலிஜ் 1893ல வந்தது, பஸ்காரர் இப்பவும் "டெக்னிக்கல் டெக்னிக்கல்" எண்டு கத்திற சந்தி அதின்ர பேர்தான். அங்க நடந்த வகுப்புகளில கொஞ்சம் 1960ல கட்டுபெத்தைக்குப் போய் ஒரு இன்ஸ்டிடியூட் ஆகி, 1966ல தொழில்நுட்பக் கல்லூரி, 72ல கட்டுபெத்த வளாகம், 78ல மொறட்டுவப் பல்கலைக்கழகம். தாய் இன்னும் மருதானையில உயிரோட இருக்கிறா, பிள்ளை மொறட்டுவையில பெரிய ஆள், தாயைப் பற்றிக் கேட்டா ஒரு வரியில சொல்லிப்போட்டுக் கடந்திடும். மாளிகாகந்த வித்தியோதய பிரிவெனாவும் (1873) பேலியகொட வித்தியாலங்கார பிரிவெனாவும் (1875) 1959ல யூனிவர்சிட்டி ஆனதும் இதே கதைதான், இண்டைக்கு ஜயவர்தனபுர, களனி எண்டு நிக்கிற ரெண்டும் அந்தப் பிக்குமாரின்ர படிப்பில இருந்து வந்தது.

எங்கட ஆக்கள் இதில வட்டுக்கோட்டையை இழுக்காட்டிச் சோறு இறங்காது, நானும் இழுக்கிறன். 1823ல அமெரிக்க மிசனரிமார் தொடங்கின செமினரி 1855ல பூட்டுப்பட்டுப் போச்சு, 1872ல யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. நடுவில 17 வருசம். அதையும் சேர்த்துத்தான் அவை 2023ல இருநூறு கொண்டாடினவை. பூட்டின கடையைத் திருப்பித் துறந்தா பழைய கடையா புதுக்கடையா எண்டு ஆரும் கேட்டா, வாடிக்கைக்காரரைக் கேளுங்கோ எண்டுவன், பழைய மாணவரும் ஊர்ச் சனமும் எங்களுக்கு ஒரு கொலிஜ் வேணும் எண்டு நிண்டபடியாத்தான் அது திரும்ப வந்தது, நான் அதை ஒண்டு எண்டுதான் எடுப்பன். ஆனா அமெரிக்க மிசன் டொக்டர் கிறீன் மானிப்பாயில தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சார் பாருங்கோ, கொழும்பு மருத்துவப் பள்ளிக்கூடத்துக்கு முந்தியே, அதுக்குப் பிள்ளை குட்டி இல்லை. முந்தினதெல்லாம் மூதாதை ஆகாது.

இவ்வளவும் ஏன் எழுதுறன் எண்டா, இந்தப் பேர் மாத்தத்தில நான் மாட்டுப்பட்டனான். கொழும்பில ஒரு இன்ஸ்டிடியூட்டில, எது எண்டு சொல்லேல்ல, 1974 தொடக்கம் 76 வரை ட்ராட்ஸ்மன் கோர்ஸ், அதாவது படவரைஞர் படிப்பு, படிச்சனான். சர்ட்டிபிகேட் 83 ஆடிக் கலவரத்தில வீட்டோட போச்சு. வேலையில இருக்கும் வரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்ல, இப்ப மகள் வெளிநாட்டில இருந்து எங்களைக் கூப்பிட ஃபோர்ம் நிரப்பிறா, தகப்பன்ர படிப்புக்கு ஆதாரம் வேணுமாம். போனன். கவுண்டரில இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, கம்ப்யூட்டரில தட்டிப் பாத்திட்டு, "அங்கிள், இந்தப் பேரில ஒரு இன்ஸ்டிடியூட்டே இல்லையே" எண்டுது. நான் நிக்கிற நிலத்தைக் காட்டி, தங்கச்சி, இதுதான் அது எண்டன். அவ சிரிச்சா. நான் படிச்ச காலத்துக்குப் பிறகு ரெண்டு தரம் பேர் மாறிப்போச்சு, அவவின்ர கம்ப்யூட்டர் கடைசிப் பேரோடதான் பிறந்தது.

மூண்டாம் தரம் போனபோது ஒரு வயசான பியூன், நாளைக்கே பென்சன் போறவர் மாதிரி ஒரு ஆள், வாங்கோ மாத்தயா எண்டு பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடைஞ்ச கதிரையள், பழைய ட்ரோயிங் போர்ட், சுவரில தண்ணி இறங்கின கறை. இரும்பு அலுமாரியின்ர அடித்தட்டில இருந்து சிவப்புத் துணி பைண்ட் போட்ட சேர்விடாப்பு ஒண்டை ரெண்டு கையாலயும் இழுத்து எடுத்து, தூசியைச் சாரத்தில துடைச்சு மேசையில வச்சார். ஓரமெல்லாம் கறையான் திண்டிருக்கு. ஆனா என்ர பேர் இருந்தது ஐயா, தகப்பன்ர பேர், விலாசம், கட்டின காசு எல்லாம் நீல மையில.

நான் பாத்துக்கொண்டு நிண்டது அதையில்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போக, ஒரு இடத்தில மேல்பாதியில பழைய பேர் சீல், அதே பக்கத்தில கீழ்ப்பாதியில புதுப்பேர் சீல். எழுத்து ஒரே ஆளின்ர எழுத்து, அந்த "ஆர்" எழுத்தின்ர வால் கூட மாறேல்ல. தொடர் இலக்கம் கூட அப்பிடியே போகுது, புதுப் பேருக்கெண்டு ஒண்டில இருந்து தொடங்கேல்ல. அந்தக் கிளாக்கர் ஆரெண்டு தெரியாது, வெள்ளிக்கிழமை ஒரு பேரில பதிஞ்சிட்டுப் போய்த் திங்கட்கிழமை வந்து அடுத்த பேரில பதிஞ்சிருப்பார், தாள் மிச்சம் கிடக்கு, ஏன் வீணாக்குவான் எண்டு. அரசாங்க வர்த்தமானியில என்ன போட்டாங்களோ, ஆர் நாடா வெட்டினாங்களோ, அந்த மனிசனுக்கு அது அதே வேலைதான்.

அதால உங்களிட்ட ரெண்டு கேள்வி. உங்கட பெட்டியில ஒரு வருசம் போட இடம் இருந்தா முந்தின பேரையும் போட இடம் இருக்கும்தானே, ஒரு வரி கூடப் போகும், அவ்வளவுதான், படிச்ச ஆக்கள் தங்கட பேரைத் தேடிப் பிடிப்பினம். மற்றது, பேர் மாத்திற இடங்களில பழைய இடாப்புகள் எங்க போகுது எண்டு உங்கட ரிப்போர்ட்டர் ஒருக்காப் போய்ப் பாத்து எழுதுவாரோ. பள்ளிக்கூடங்களிலயும் இதுதான் நிலை, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி 1951ல பிள்ளையார் பாடசாலையாத் தொடங்கினது எண்டு இண்டைக்கு அங்க படிக்கிற எத்தினை பெடியனுக்குத் தெரியும், அந்தக் கால இடாப்பும் சம்பவத் திரட்டும் எங்கயாவது பத்திரமா இருந்தா எனக்குச் சந்தோசம். நான் பாத்த அலுமாரிக்கு மேல மழைத்தண்ணி சொட்டுது, அந்தப் பியூனும் பென்சன் போனாப் பிறகு அப்பிடி ஒரு அலுமாரி இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியாது.

என்ர கடிதம் கிடைச்சுது. நல்ல தாள், கலர் லெட்டர்ஹெட், சீல் எல்லாம் இருக்கு, நான் 1974 தொடக்கம் 76 வரை எங்கட நிறுவனத்தில படிச்சவர் எண்டு எழுதியிருக்கு. ஆனா மேல நிறுவனத்தின்ர பேருக்குக் கீழ பொன் எழுத்தில "நிறுவப்பட்டது 1990" எண்டு அடிச்சிருக்கு. மகள் அதைப் பாத்திட்டு, "அப்பா, இதை அனுப்பினா கள்ளக் கடிதம் எண்டு நினைப்பாங்கள்" எண்டு திருப்பி அனுப்பிப்போட்டா. அந்த வரி இல்லாத தாளில அடிச்சுத் தாங்கோ எண்டு கேட்டனான், அப்பிடித் தாள் இல்லையாம், மேலிடத்தில கேக்கோணுமாம். வாற புதன் வரச் சொல்லியிருக்கினம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ட்ராட்ஸ்மன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.