நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

உயர்தரம் முடித்த எங்கள் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் பாடசாலைக்கு வந்திருந்தாள். கணக்கு எழுதும் வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விதைக்கும் தகப்பனுக்கு, விதைநெல்லில் இருந்து வெட்டுக்கூலி வரை மூன்று வருடமாகக் கொப்பியில் கணக்கு வைத்திருப்பவளே அவள்தான். அதைச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்ததைச் சொல்லும் பழக்கம்தான் இல்லை. அதற்கு நாங்களும் காரணம். வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் பிள்ளையைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு நாங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்கிறோம். பெரியவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பதுதான் மரியாதை என்று பழக்கியிருக்கிறோம். நேர்முகம் நடத்துபவருக்கு அது பயமாகவே தெரியும்.

இனிப் படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு "உன்னைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள். பெயர், ஊர், பெறுபேறு என்று நிறுத்தினால் விடாதீர்கள். என்ன வேலை செய்தாய், என்ன சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தாய், இந்த வேலை ஏன் வேண்டும் என்று தொடர்ந்து கேளுங்கள். சிங்களம் தெரியுமா என்று கேட்டால், "கொஞ்சம் பேசுவேன், படித்துக்கொண்டிருக்கிறேன்" என்ற உண்மை போதும். அந்த வசனத்தைச் சிங்களத்திலேயே சொல்லப் பழகினால் இன்னும் நல்லது.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் மூலமும் பிரதியும் ஒரே கோவையில் இருக்கட்டும். 2009 இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி பெறலாம். அழைப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். புது உடுப்பு வாங்கக் கடன்பட வேண்டாம், தோய்த்து மினுக்கியது போதும். முரசுமோட்டை, தர்மபுரம் பக்கத்தில் இருந்து வவுனியாவுக்குப் போகிறவர்கள் பஸ் மாற வேண்டியிருக்கும் என்பதால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் நேர்முகப் பரீட்சை ஒத்திகை வைக்கிறோம். பிள்ளையைக் கூட்டிவந்துவிட்டு நீங்கள் வெளியே வேப்பமர நிழலில் இருங்கள். அந்த மாணவியும் தன் கணக்குக் கொப்பியுடன் வருகிறாள்.

இங்ஙனம்,
அதிபர்